கொல்லைப்புறத்துக் குட்டை

வீட்டுக்கு முன்வாசல் எவ்வளவு முக்கியமோ, கொல்லைப்புறமும் அவ்வளவு முக்கியந்தான். ஆனால் முன்வாசலுக்குக் கோலமும் மாவிலைத் தோரணமும் கிடைக்கின்றன. கொல்லைப்புறத்துக்கு உடைந்த பானையும் ஓட்டை வாளியுமே கிடைக்கின்றன. விருந்தாளிகள் முன்வாசல் வழியாக வருகிறார்கள். வியாதிகளோ பெரும்பாலும் கொல்லைப்புறமாகத்தான் நுழைகின்றன. இந்த உண்மையை நமக்கு நன்றாக உணர்த்தியது, ஹோசூருக்கும் பாகலூருக்கும் இடையிலே ஒரு கிராமத்தில் உள்ள நமது அத்தை வீட்டுக் குட்டை.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் கலவரம் தெரிந்தது.

"அப்பா, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல். எல்லாரும் நம் குட்டையைத்தான் கை காட்டுகிறார்கள். மண்ணடித்து மூடிவிடலாம் என்று ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனார். மூடினால் மனையாக நல்ல விலைக்கு எடுத்துக் கொள்கிறாராம். நீ வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்."

அந்தக் குட்டையை வெட்டியவர் அத்தையின் மாமனார். நாற்பத்தைந்து அடி நீளம், முப்பது அடி அகலம். ஏறக்குறைய 3 சென்ட் நிலம். ஓட்டின் மீதும் களத்தின் மீதும் விழுகிற மழைஜலம் எல்லாம் வாய்க்கால் வழியாக அதில் போய்ச் சேரும். முப்பது தப்படி தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. குட்டையில் நீர் நின்றால் கிணற்றிலும் நீர் நிற்கும் என்பது அந்த வீட்டாரின் நெடுநாள் அனுபவம். இப்படிப்பட்ட விஷயத்தில் தொலைபேசியிலேயே அபிப்பிராயம் சொல்லிவிடுவது சரியல்ல என்று தோன்றியதால், மறுநாளே பஸ் ஏறினோம்.

ரோஜாவும் ஆலையும்

ஹோசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. சீதோஷ்ண நிலையின் சிறப்பை முன்னிட்டு ஆங்கிலேயர் அதைச் 'சின்ன இங்கிலாந்து' என்று கொண்டாடினார்களாம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. கடைவீதியில் ஐந்து நிமிஷம் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு போவதைக் கேட்கலாம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின் ஆலைகள் பெருகின, ஆட்கள் பெருகினார்கள், வீடுகளும் பெருகின. பெருகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தண்ணீர்தான்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ப்ளோரைடு என்னும் உப்பு அதிகம். பல்லைக் கறையாக்கி எலும்பையும் வளைத்துவிடக் கூடிய உப்பு இது. இதற்காகவே காவேரி ஜலத்தை மலை ஏற்றிக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு பிரயாசைப்பட்டுத் தண்ணீர் கொண்டுவரவேண்டிய பூமியில், வானம் இலவசமாகக் கொடுப்பதைத் தேக்கி வைக்கும் குட்டையை மூடுவதா? வழி நெடுக இதே யோசனையாக இருந்தது.

ஆனால் குட்டையை நேரில் பார்த்தவுடன், மூடச் சொன்னவர் மேல் நமக்கு இருந்த கோபம் பாதி தணிந்துவிட்டது. குட்டை எங்கே என்று தேட வேண்டியிருந்தது! மாமா காலமாகிப் பத்து வருஷமாக அதை யாரும் கவனிக்கவில்லை. கரையோரம் முழுவதும் சம்பும் கோரையும் ஆள் உயரம் நின்றன. நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஆகாயத்தாமரை. அதன் ஊதாப்பூக்கள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஒரு கோழி அதன் மேல் நடந்து அக்கரைக்குப் போனதைக் கண்ணால் கண்டோம்.

பூவால் வந்த வினை

இந்தச் செடிக்குத் தாயகம் தென் அமெரிக்கா. சில ஊர்களில் இதை வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். காம்பு வெங்காயம் போல ஊதியிருப்பதும், அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் செடி மிதப்பதும் இந்தப் பெயருக்குக் காரணம். பூவின் அழகில் மயங்கியவர்கள் இதைத் தேசம் தேசமாக எடுத்துச் சென்றார்கள். வங்காளத்துக்கு அது வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். சில பத்தாண்டுகளுக்குள் ஆறுகளில் படகு போகவும் வயல்களில் நெல் விளையவும் இடமில்லாமல் செய்துவிட்டது. 1936-ல் இதை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் ஒரு சட்டம் பிறந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் இந்தச் செடியை ஒழிப்பதாகக் கட்சிகள் வாக்குக் கொடுத்தன. இலங்கையில் இன்னும் முன்னதாக, 1909-லேயே, சட்டம் வந்துவிட்டது. ஒரு பூச்செடியின் மேல் இத்தனை சட்டங்கள் பாய்ந்தும், செடி எதற்கும் கட்டுப்படவில்லை.

காரணம் அதன் வளர்ச்சி வேகம். சாக்கடை உரமும் வெயிலும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகும். இந்தக் கணக்கில் மூன்றே மாதத்தில் ஒரு செடி அறுபதைத் தாண்டிவிடும். விதையோ சேற்றுக்குள் பதினைந்து இருபது வருஷம் உயிரோடு உறங்கும். ஹோசூர் நகருக்குள் இருக்கும் இராமநாயக்கன் ஏரியையும் இது விட்டுவைத்ததில்லை.

எல்லைக்கு அப்பால் பங்களூரில் தோட்டக்கலை விஞ்ஞானிகள் 1980-களில் ஒரு யுக்தி செய்து பார்த்தார்கள். இந்தச் செடியைத் தவிர வேறெதையும் தின்று வாழாத சிறு கூன்வண்டுகளை அயல்நாட்டிலிருந்து தருவித்து, நன்றாகப் பரிசோதித்த பிறகு, ஏரிகளில் விட்டார்கள். வண்டு இலையைச் சுரண்டுகிறது; அதன் புழு காம்பைத் துளைக்கிறது; துளைத்த காம்பில் நீர் புகுந்து செடி அழுகி மூழ்குகிறது. பெரிய ஏரிகளில் இரண்டு மூன்று வருஷத்தில் நல்ல பலன் கண்டார்கள். ஆனால் சாக்கடை நீர் ஓயாமல் வந்து விழும் ஏரியில் வண்டு தின்பதைவிடச் செடி வேகமாக வளர்ந்துவிடுகிறது. அத்தை வீட்டுக் குட்டைக்கோ வண்டு தேவையில்லை. நாலு கைகள் போதும் என்று நாம் தீர்மானித்தோம்.

நாம் செய்த தவறு

ஞாயிற்றுக்கிழமை. அத்தையின் பேரன் ஆலையில் தன்னோடு வேலை பார்க்கும் ஆறு பேரை அழைத்து வந்தான். எல்லாரும் வாலிபர்கள். துறட்டி, மண்வெட்டி, கயிறு, பழைய வலை எல்லாம் சேகரித்தோம். 'ஒரே நாளில் முடித்துவிடுவோம்' என்று சங்கற்பம் செய்துகொண்டோம். இடுப்பளவு நீரில் இறங்கி இழுக்க ஆரம்பித்தவர்கள் பொழுது சாயும்வரை ஓயவில்லை. சம்பின் வேரை மண்வெட்டியால் வெட்டி எடுத்தார்கள். அடிச்சேறு கலங்கி, அழுகிய முட்டை நாற்றம் தெருவரைக்கும் சென்றது. மாலையில், பத்து வருஷத்துக்குப் பிறகு, குட்டையில் ஆகாயம் தெரிந்தது. அத்தை எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். ஒருவரையொருவர் வெகுவாகப் பாராட்டிக்கொண்டு படுத்தோம்.

விடியற்காலையில் அத்தை வந்து எழுப்பினாள். "எழுந்து வந்து பாரப்பா! மீனெல்லாம் வாயைப் பிளக்கிறது!"

ஓடிப் பார்த்தோம். கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையுமாக நூற்றுக்கணக்கான வாய்கள் நீர்மட்டத்தில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையோரம் முப்பது மீன்கள் வரை செத்து மிதந்தன. உள்ளே இவ்வளவு மீன் இருந்ததென்பதே நமக்கு அப்பொழுதுதான் தெரியும். அவற்றைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நாம்தான் கொன்றுகொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர். ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடித்த குடும்பம். தெலுங்கில் யோசித்துத் தமிழில் பேசுகிறவர். குட்டையையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சாமி, பத்து வருஷமாகப் போர்த்தியிருந்த போர்வையை ஒரே நாளில் உருவினால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது? முதலில் மோட்டாரைப் போடுங்கள். கிணற்று நீர் உயரத்திலிருந்து சிதறி விழட்டும்."

குழாய் வாயில் ஓட்டை போட்ட தகரத்தைக் கட்டி, மழை போலச் சிதறும்படி நீர் விட்டோம். வாலிபர்கள் வாளியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனபோது, வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்து மீன்கள் கீழே போயின. அதன் பிறகே அத்தை உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

தண்ணீருக்கும் மூச்சு உண்டு

இதன் சூட்சுமம் என்னவென்றால்: நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது. பகலில் நீருக்குள் இருக்கும் பாசி சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் அந்தப் பாசியும் பிராணவாயுவைச் செலவழிக்கும் கோஷ்டியில் சேர்ந்துவிடுகிறது. ஆகையால் விடிவதற்குச் சற்று முன்புதான் குட்டையின் இருப்பு மிகக் குறைவாக இருக்கும். ஆகாயத்தாமரை மூடிய குட்டையில் ஒளி உள்ளே புகுவதில்லை. இருப்பு எப்பொழுதும் சொற்பமே. அந்த நிலைமையில் அடிச்சேற்றைக் கிளறினால், மக்காமல் கிடந்த இலைதழை எல்லாம் மேலெழுந்து மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் விழுங்கிவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயுவோ மீனுக்கு நேரடியான விஷம்.

எனவே பெரியவர் வகுத்துக் கொடுத்த முறை வேறு. வேலை மூன்று வாரம் நடக்கவேண்டும். முதலில் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தென்னைக்கும் மாவுக்கும் பாய்ச்சி, முழங்கால் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மூலையை மட்டும் ஆழமாக வைத்து, மீன்களை வலையால் அங்கே ஒதுக்கவேண்டும். மற்றப் பகுதியை மண் வரப்பால் பிரித்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு பட்டையாகச் சேறு எடுக்கவேண்டும். அடியில் நாலு விரற்கடை வண்டலை விட்டுவிடவேண்டும்; மீனுக்கு உணவாகும் பூச்சி புழுக்களின் வித்து அதில்தான் இருக்கிறது. கரையோரத்துக் கோரையிலும் ஒரு பங்கை விட்டுவைக்கவேண்டும். தவளைக்கும் மீன்குஞ்சுக்கும் அதுதான் வீடு. ஆகாயத்தாமரையை மட்டும் ஒரு துண்டு கூட விடக்கூடாது.

"சுத்தம் என்றால் சட்டி கழுவுகிற மாதிரி என்று நினைக்கிறீர்கள்" என்று அவர் சிரித்தார்.

சேறு எடுத்த ஐந்தாம் நாள் மண்வெட்டியில் கல் தட்டுப்பட்டது. குட்டைக்குப் படிகள் நான்கு என்றுதான் வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். வண்டலை அள்ள அள்ள, ஏழு படிகள் வெளிவந்தன. "ஏழாம் படியில் உட்கார்ந்துதான் உன் மாமா நீந்தக் கற்றுக்கொண்டாராம். மாமியார் சொல்லுவாள். நான் கதை என்று நினைத்திருந்தேன்" என்றாள் அத்தை. மூன்று படி ஆழம் மண் மூடிக் கிடந்திருக்கிறது!

உண்மைக் குற்றவாளி யார்?

இதற்கு நடுவே ஒரு நாள் சுகாதாரப் பணியாளர் ஒரு பெண்மணி வந்தார். குட்டையை மூடச் சொல்வார் என்று அத்தை நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஓர் அகப்பையால் குட்டை நீரை நாலைந்து இடத்தில் மொண்டு பார்த்தார். பிறகு கொல்லை முழுவதும் சுற்றினார். மாட்டுத் தொட்டி, கொட்டாங்கச்சி, வேலியோரம் கிடந்த பழைய டயர் மூன்றிலும் நெளிந்துகொண்டிருந்த கூத்தாடிப் புழுக்களை நமக்குக் காட்டினார். அடுத்த வீட்டில் குளிர்பெட்டியின் பின்புறத் தட்டிலும் இருந்தனவாம்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு குட்டையையும் ஏரியையும் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றிச் சிறு பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீர்தான் அதற்குப் பிடித்தம். கடிப்பதும் பகலில்தான், வெகு தூரம் பறப்பதும் இல்லை. ஊரே குட்டையைச் சந்தேகித்தபோது, குற்றவாளி டயருக்குள் சௌக்கியமாகக் குடியிருந்தது! டயரைக் கவிழ்த்தோம், தொட்டியைத் தேய்த்துக் காயவைத்தோம். அடுத்த வீட்டுக் குழந்தையும் ஆண்டவன் அருளாலும் வைத்தியர்களின் சிரத்தையாலும் பிழைத்து எழுந்துவிட்டது.

இதனால் செடி மூடிய குட்டை நிரபராதி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நீர்ச்செடியின் வேரைத் துளைத்து அதன் வழியாகவே மூச்சு விடும் ஒரு கொசு இனம் உண்டு. மலையாள நாட்டில் சேர்த்தலைப் பக்கத்தில் யானைக்கால் வியாதியைப் பரப்பியது அந்த இனந்தான். மீனும் ஒளியும் உள்ள குட்டையில் அதற்கு இடமில்லை.

கொசுவைத் தின்பதற்கென்று 1928-ல் இத்தாலியிலிருந்து ஒரு சிறு மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப் புழுவைத் தின்றது மெய்தான். ஆனால் நம் நாட்டுச் சிறு மீன்களின் குஞ்சையும் தவளை முட்டையையும் சேர்த்துத் தின்கிறது என்று பின்னர் தெரிந்தது. அத்தை வீட்டுக் குட்டையிலேயே, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போன்ற ஒரு நாட்டுச் சிறு மீன் மேல்மட்டத்தில் திரிகிறது. கூத்தாடிப் புழு அதற்குப் பரமானந்த போஜனம். வீட்டில் உள்ளதை விட்டு வெளியில் தேடுவானேன்?

சில உபயோகமான கணக்குகள்

தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குட்டை உள்ள நேயர்களுக்காகச் சில விவரங்களைத் தருகிறோம்.

பறித்த ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்துவிடக் கூடாது. ஒரு மழையில் திரும்பக் குட்டைக்குள் போய்விடும். அந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் நீர். வெயிலில் காயப்போட்டால் மலை போன்ற குவியல் இரண்டு நாளில் கூடைக்குள் அடங்கும். பிறகு சாணத்தோடு அடுக்கடுக்காகக் குழியில் போட்டால் நல்ல எருவாகும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நீரில் கலந்த உலோக விஷங்களை உறிஞ்சிக்கொள்ளும் குணம் இந்தச் செடிக்கு உண்டு. ஆலைக் கழிவோ நகரச் சாக்கடையோ வந்து விழும் ஏரியில் எடுத்த செடியையும் சேற்றையும் காய்கறித் தோட்டத்தில் போடுவது அபாயம். கூரை மழைநீர் மட்டும் சேரும் குட்டையானால் பயமில்லை. அத்தை வீட்டு வண்டல் முழுவதும் மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் போயிற்று.

சேறெடுத்த பிறகு, சென்ட் ஒன்றுக்கு ஒரு கிலோ வீதம் சுண்ணாம்பை நீரில் தாளித்து ஆறவிட்டுத் தெளிக்கவேண்டும். அது சேற்றின் புளிப்பை முறிக்கும். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் குஞ்சு விடலாம். 3 சென்ட் குட்டைக்கு அறுபது குஞ்சுகள் தாராளம்: கட்லா 24, ரோகு 18, மிர்கால் 18. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் மூன்றுக்கும் சண்டை இல்லை. குஞ்சு விரல் நீளமாவது இருக்கவேண்டும். விரால் மீன் இருந்தால் முன்னதாகவே பிடித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் நாம் வாங்கி விடுவது அதற்கு விருந்து வைப்பதாகும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எவர் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. அதை வளர்ப்பதற்கு நம் நாட்டில் தடை உண்டு. குஞ்சு வரும் பையைக் குட்டை நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, உள்நீரும் வெளிநீரும் ஒரே பதமான பின் திறந்து விடவேண்டும்.

இந்தக் கெண்டைகள் இயற்கையில் ஆற்றில்தான் முட்டையிடும்; குட்டையில் இடுவதில்லை. முன்பெல்லாம் ஆற்றில் வலை போட்டுக் குஞ்சு சேகரிப்பார்கள். 1957-ல் ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி என்னும் வங்காள விஞ்ஞானி, மீனின் மூளைச் சுரப்பியிலிருந்து எடுத்த சாரத்தை ஊசி மூலம் செலுத்தி, குட்டையிலேயே முட்டையிடச் செய்து காட்டினார். இன்று கிருஷ்ணகிரி அணையை ஒட்டிய அரசாங்க மீன் பண்ணை போன்ற இடங்களில் நாம் குஞ்சு வாங்க முடிவது அந்த ஆராய்ச்சியின் பயனே. மீன் வளர்ப்பு ஆலோசனைக்கு, இதே மாவட்டத்தில் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்றும் இருக்கிறது.

குட்டையும் ஆறும்

குட்டை வேலை முடிந்த அன்று மாலை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போயிருந்தோம். தென்பெண்ணை நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, பங்களூரின் கிழக்குப் புறத்து ஏரிகளின் வடிகாலை வாங்கிக்கொண்டு, எல்லை தாண்டி இந்த அணைக்கு வந்து சேர்கிறது. அந்த மாநகரத்தின் கழிவும் கூடவே வருகிறது. வெள்ளக் காலங்களில் அணையிலிருந்து வெளியேறும் நீர் வெண்ணுரை மலையாகப் பொங்கி வயல்மேல் பறந்ததைப் பத்திரிகைகளில் வாசகர்கள் படித்திருப்பார்கள். பங்களூர் பெல்லந்தூர் ஏரியிலோ 2017-லும் 2018-லும் நெருப்பே பிடித்தது. தண்ணீரில் தீ என்பது புராணத்தில் மட்டும் என்று நினைத்திருந்தோம்.

அத்தனை பெரிய ஆற்றின் முன்னால் ஒரு கொல்லைக் குட்டை எம்மாத்திரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆற்றைச் சுத்தம் செய்ய இரண்டு அரசாங்கங்களும் ஒரு மாநகரமும் மனம் வைக்கவேண்டும். நமது துறட்டி அங்கே எட்டாது. ஆனால் நம் தேசத்தில் ஏரி குளங்களைக் காத்தது ஒரு காலத்தில் சர்க்கார் மட்டும் அல்ல. வருஷந்தோறும் ஊரார் கூடி மதகையும் வாய்க்காலையும் செப்பனிடுவார்கள். குடிமராமத்து என்பது அதன் பெயர். 1858-ல் ஆங்கிலேயர் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக எழுதினார்கள். மனமுவந்து செய்தது கட்டாயமான பிறகு, காலக்கிரமத்தில் அந்தப் பழக்கமே தேய்ந்துபோயிற்று. 2017-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் திரும்பத் தொடங்கியது. பெயர் திரும்பி வந்திருக்கிறது. பழக்கம் திரும்பி வருவது நம்மைப் பொறுத்தது. வீட்டுக் குட்டையைப் பார்த்துக்கொள்ளாதவர்கள் ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

சித்திரை மாதத்தில் இரண்டு நல்ல கோடை மழை பெய்து, ஏழு படிகளில் ஐந்து படி வரையில் நீர் ஏறியது. மனை வாங்க வந்தவர் மறுபடியும் வந்தார். விலையையும் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார். அத்தைக்குப் பணம் வேண்டாம் என்பதில்லை. பேரனுக்குக் கல்யாணம் செய்யவேண்டும், ஓடு மாற்றவேண்டும். சற்று நேரம் யோசித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டையை உங்களிடம் விற்றுவிட்டு, தண்ணீரை லாரிக்காரரிடம் வாங்குவதா? வேண்டாம், ஐயா. காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றாள்.

வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், பேரன் துறட்டியோடு குட்டையைச் சுற்றி வருகிறான். சேற்றில் உறங்கும் விதை முளைத்து எங்கேயாவது ஓர் ஆகாயத்தாமரை தலை காட்டினால் உடனே எடுத்துவிடுகிறான். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டதன் விலையை நாம் மூன்று வாரம் சேற்றில் நின்று கொடுத்தோம். முப்பது மீன்கள் உயிரையே கொடுத்தன. நேயர்கள் இந்த வாரமே ஒரு தடவை தங்கள் கொல்லைப்புறத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். குட்டை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கவிழ்க்கவேண்டிய கொட்டாங்கச்சி ஒன்றாவது கட்டாயம் இருக்கும்.